கூரை மூடிய காரில் சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு, இரண்டு நாள்

என் மூத்த பேத்தி வருகிற வெள்ளிக்கிழமை மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குக் காரில் போகிறாள். விமானம் திருத்தும் எஞ்சினியர் அவள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாத்தாவின் மஸ்டாங் காரைத் தரச்சொல்லிக் கேட்டாள். இவர், என் வீட்டுக்காரர், மாட்டேன் என்றுவிட்டார். அதே றோட்டில் அதே காரில் 1977 ஜனவரியில் நாங்கள் எதிர்ப்பக்கமாகப் போன கதையை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் மணியும் தூரமும் மறக்கிற ஆள் இல்லை.

இவருக்கு அப்போது மெல்பேர்ன் பக்கம் கிளேட்டனில் வேலை கிடைத்திருந்தது. நாங்கள் போய்ச் சேருகிற சனிக்கிழமை பகல் 1.15க்கு என் தங்கச்சி மலர் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ன் வந்து இறங்குகிறாள். வயது பத்தொன்பது, முதல் தடவை விமானம், 'யெஸ்', 'நோ' தவிர இங்கிலீஷ் கிடையாது. கையில் இருந்தது நாங்கள் விட்டு வந்த சிட்னி வீட்டு விலாசம் மட்டும். கிளேட்டனில் தெரிந்த ஒரே குடும்பத்திடம் போன் இல்லை. 'அக்கா வாசலில் நிற்பா' என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தா. நான் அங்கே நின்றே ஆகவேண்டும்.

இனிக் காரைப் பற்றி. வெள்ளை நிறம், உள்ளே உட்காரும் கதிரைகள் சிவப்பு, எட்டு சிலிண்டர், மடக்கித் திறக்கிற கூரை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியிருந்தார்கள். சிட்னி ஸ்ட்ரத்ஃபீல்டில் ஒரு கிழவி பதினொரு வருடமாகத் தேவாலயத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டியதை இவர் வாங்கியிருந்தார். மீற்றரில் 11,208 மைல். இவருக்கு அந்த எண் ஒரு பிள்ளை மாதிரி.

வெள்ளி காலை 5.10க்குப் புறப்பட்டோம். டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன்.

"புளி பட்டால் ரப்பர் பழுதாப்போம். வையாதையும்."

"அப்ப ஒரு குங்குமப் பொட்டாவது?"

"வெள்ளைப் பெயின்ட், இஞ்சேரும். கறை போகாது."

பழம் இரண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இவர் போட்ட சட்டங்கள்: கூரையைத் திறக்கக்கூடாது, வெயிலில் கதிரைச் சிவப்பு வெளிறிவிடும். கண்ணாடி நாலு விரல்தான் இறக்கலாம், தூசி வரும். வேகம் ஐம்பது மைலுக்கு மேல் போகக்கூடாது. காருக்குள் சாப்பாடு இல்லை. முதல் நாள் இரவே நான் அவித்துக் கட்டிய இடியப்பமும் சம்பலும் பின்பெட்டியில் கிடக்க, நாங்கள் வேர்த்துக்கொண்டு போனோம். கூரை திறக்கிற கார் என்று ஊரெல்லாம் கடிதம் எழுதியவர் இவர்தான்.

195 கிலோமீற்றர் தள்ளி கோல்பர்ன், மணி 8.20. கண்டகாயில் பெற்றோல், 50 லீற்றர், எட்டு டொலர். நிறுத்திய இடமெல்லாம் துணி எடுத்துத் துடைத்தார். ஆல்பரி போய்ச் சேர மாலை 5.45. விடுதி பதினான்கு டொலர். அறைக்குக் காற்றாடி இருக்கிறதா என்று இவர் கேட்கவில்லை. காருக்கு நிழல் இருக்கிறதா என்று கேட்டார்.

சனி காலை 8.15 வரை துடைப்பு. 9.20க்கு வங்கரட்டா தாண்டியதும் றோட்டு வேலை. தாரைக் கிளறிவிட்டுச் சல்லி பரப்பியிருந்தார்கள், பதினொரு கிலோமீற்றருக்கு. கொடி பிடித்து நின்றவர் மெதுவாகப் போகலாம் என்று கையைக் காட்டினார். இவர் காரை ஓரம் கட்டினார்.

"ரெண்டு மணிக்கு ரோலர் வருமாம். அதுக்குப் பிறகு போவம்."

"மலர் ஒன்றேகாலுக்கு இறங்குறாள்."

"கொஞ்சம் நிப்பாள்தானே. சல்லி அடிச்சால் பெயின்ட் உரிஞ்சிடும்."

"ஆரோடை நிப்பாள்? ஆரிட்டைக் கேப்பாள்?"

இவர் கீழே இறங்கிக் குனிந்து சல்லியை எடுத்து விரலால் கூர் பார்த்தார். அரை மணித்தியாலம் போய்விட்டது. எனக்கு லைசென்ஸ் கிடைத்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான். றோட்டுச் சட்டப் புத்தகத்தை இவர் வாசிக்க வாசிக்கக் கேட்டுப் பாடமாக்கி முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவள் நான். பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முன் டயர்களுக்கு ஒன்றொன்றாக வைத்துவிட்டு ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். கார்த் திறப்பு சாவித்துளையிலேயே இருந்தது.

"நீரோ ஓட்டப்போறீர்?"

"ஓம். ஏறுங்கோ, இல்லாட்டி ரோலரிலை வாங்கோ."

ஏறினார். இருபது மைல் வேகத்தில் போனேன். ஒவ்வொரு கல் அடிக்கும்போதும் எண்ணினார். "ஏழு… எட்டு… அது கதவு… ஒன்பது." முப்பத்தொன்றில் தார் றோட்டு வந்தது. நிறுத்தி, கூரையைத் திறந்தேன். இவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எண்ணி எண்ணிக் களைத்திருப்பார். பிறகு அறுபது மைலுக்கு மிதித்தேன். பதினொரு வருடம் கடைக்கும் தேவாலயத்துக்கும் போன கார் அன்றைக்குத்தான் தான் என்ன கார் என்று காட்டியது. விமான நிலையம் 12.55.

மலர் 2.05க்கு வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். கார் நிற்கிற இடத்துக்குப் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இது ஆற்றை கார்?"

"அத்தான்ரை."

இவர் பின்பக்கம் குந்தியிருந்து கல் பட்ட இடங்களைத் தடவிக்கொண்டிருந்தார். மலர் பையிலிருந்து சின்னத் தகரப் பேணி ஒன்றை எடுத்தாள். அம்மா எண்ணெயில் குழைத்துத் தந்த குங்குமம். நான் வாய் திறக்கமுதல் காரின் முன்பக்க எஞ்சின் மூடியின் நடுவில் பெருவிரலால் அழுத்தி வைத்துவிட்டாள்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். துணி கையில் இருந்தது.

"அம்மா சொல்லிவிட்டவ, அத்தான். கண்ட உடனே வை எண்டு."

வந்து கால் மணித்தியாலம் ஆகாத மச்சாளை ஏச முடியாது. மாமி அனுப்பிய குங்குமத்தை அவள் பார்த்திருக்கத் துடைக்கவும் முடியாது. துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கிளேட்டன் போகும்வரை ஜனவரி வெயில் அந்தப் பொட்டின்மேல் அடித்தது. பிறகு எத்தனை மெழுகு போட்டும் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது: இப்போது நல்ல அகலப் பாதை, ஏறத்தாழ 880 கிலோமீற்றர், ஒரே நாளிலும் போகலாம், இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுங்கள். ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். கூரை திறந்தால் தொப்பி வேண்டும். சாப்பாட்டைப் பின்பெட்டியில் வைக்காதீர்கள். முக்கியமாக, கல் படும் என்று பயப்படுகிற காரில் போகவேண்டாம்.

போன மாதம் பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்தார். மீற்றரைப் பார்த்து வாய் பிளந்தார். இன்னும் பதின்மூவாயிரம் மைல் தாண்டவில்லை. முன்மூடியில் இருக்கும் சிவப்புக் கறையை மட்டும் பூசி மறைத்தால் நல்ல விலை தருவேன் என்றார். இவர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து காரைத் துடைத்தார். கறையைச் சுற்றித்தான் துணி போயிற்று. பிறகு போர்வையால் மூடினார்.

நாற்பது வருடத்துக்கு மேல் இதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பேத்தி விடிய ஐந்து மணிக்கு வருவாள். கார்த் திறப்பு எந்த மேசை லாச்சிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.