அண்ணனுக்குப் பிடிக்காத ரொட்டி

பாலில் நனைத்த ரொட்டியைத் தவிர வேறு எதையும் அம்மாவால் விழுங்க முடிவதில்லை. அந்த ரொட்டித் துண்டையும் நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தையும் அச்சு அசலாக வரைந்து, நேற்று இங்கே, என் இணையப் பக்கத்தில் போட்டிருந்தேன்.

அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து எட்டிப் பார்க்காத அண்ணன், இன்று அம்பாசமுத்திரத்திலிருந்து வந்துவிட்டான். வாசலிலேயே நின்று கத்தினான்.

“ஏலே, அம்மாவுக்கு நாம சோறு போடலன்னு ஊர்ல பேசுதானுவ. நல்ல பித்தளைப் பாத்திரமா வரையக் கூடாதா? மொதல்ல அந்தப் படத்தை எடு.”

“உள்ள வந்து அம்மாவைப் பாருண்ணே. ரெண்டு வாய் ஊட்டி விடேன்.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுலே.”

அவன் தெருமுனை தாண்டியபோது, “யாருய்யா வந்தது?” என்று அப்போதுதான் கண் விழித்த அம்மா கேட்டாள்.

“படத்தைப் பத்திப் பேச வந்தவரும்மா. போயிட்டாரு.”

படத்தை எடுக்கப் போவதில்லை. ரொட்டி, ரொட்டி மாதிரி இருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்.