விரதத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்

யார் வீட்டுக்குப் போனாலும் ஜெகதீஸ்வரி முதலில் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலைத்தான் தூக்கிப் பார்ப்பாள். கனம் குறைந்திருந்தால் கேட்காமலே நிரப்பி வைப்பாள். டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் பல வருஷமாக எல்லாரும் பார்க்கிற பழக்கம் இது. "போத்தல் அக்கா வந்துட்டாங்க லா" என்று கேலியும் உண்டு.

அவள் மகள் சாந்தினிக்குச் சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து குழாய்களில் அடைத்துக்கொள்ளும். உடம்பில் தண்ணீர் வற்றினால், குளிர் ஏறினால், எலும்புக்குள் வலி புகுந்துவிடும். பார்த்துப் பார்த்து வளர்த்ததில் சாந்தினி இன்று பாயான் பாருவில் வேலைக்குப் போகிறாள்.

கீழ்மாடி கோமளாவின் மகள் யஷ்வினிக்கும் அதே நோய் என்று தெரிந்ததும், மண்டபத்தில் நர்ஸ் மிஸ்ஸி ரொஸ்னா இந்த நோய் பற்றி நடத்தும் கூட்டத்துக்கு ஜெகதீஸ்வரிதான் கோமளாவைக் கூட்டிப்போனாள். மிஸ்ஸி மலாயில் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கிசுகிசுத்தாள். கோமளா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பின்வரிசையில் ஒருவர், முருங்கைக்கீரை சாப்பிட்டால் அணு நிமிர்ந்துவிடுமா என்று கேட்டார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஜெகதீஸ்வரி கோமளா வீட்டுப் போத்தலைத் தூக்கினாள். நல்ல கனம். சந்தோஷப்பட்டாள். பிறகுதான் தெரிந்தது, முந்தின நாள் தான் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருக்கிறது. யஷ்வினியின் உதடு வெடித்திருந்தது.

"இவ பால்குடம் தூக்குறதா நேர்ந்திருக்கேன்க்கா. பொழுது சாயுற வரைக்கும் பச்சத்தண்ணி கூடாது."

"இந்தப் புள்ளைக்குத் தண்ணிதான் மருந்துன்னு மிஸ்ஸி சொன்னாங்களே, கோமளா."

"கேட்டேன்லா. அது சாதாரண நாளைக்கு. இவ கால்வலி போகணும்னுதானே நேர்ந்ததே?"

"அப்ப நீ தூக்கு. புள்ள சும்மா கூட வரட்டும்."

"வலி அவளுக்கு, குடம் எனக்கா?" கோமளா சிரித்தாள். "விட்டா முருகனுக்கே போத்தல் நிரப்புவீங்க போல."

பூசத்தன்று விடியலில் யஷ்வினியின் தலையில் குளிர்ந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஈர மஞ்சள் துணியோடு தண்ணீர்மலைக் கோயில் படியில் பாதிகூட ஏறவில்லை. குடம் சரிந்தது. பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் உறுமிமேளம் நின்றது.

ஆஸ்பத்திரி வார்டில் கோமளா அழுது ஓய்ந்தபின் சொன்னாள். "யாரோ தீட்டோட நின்னுருக்காங்கக்கா. அடுத்த வருஷம் சுத்தமா இருந்துட்டா சரியாயிடும்."

ஜெகதீஸ்வரிக்குக் கத்தத் தெரியவில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி யஷ்வினியின் வாயருகே பிடித்தாள்.

அடுத்த கூட்டத்தில் முதல்முறையாக அவளே மைக்கைப் பிடித்தாள். "விரதத்துலயும் இந்தப் புள்ளைங்க தண்ணி குடிக்கணும்" என்றாள்.

"அப்ப அது விரதமா, பிக்னிக்கா?" என்றது ஒரு குரல். மண்டபமே சிரித்தது. கோமளாவும் சிரித்தாள்.

யஷ்வினி இப்போது பள்ளிக்குப் போகிறாள், லேசாக நொண்டியபடி. அடுத்த பூசத்துக்கும் பால்குடம் உண்டு என்கிறாள் கோமளா. ஜெகதீஸ்வரி தினமும் போய் அந்தப் போத்தலைத் தூக்கிப் பார்க்கிறாள்.