மூன்று முறை உள்ளே போனவர்

அவருடைய கைக்கடிகாரத்தை நான்தான் வெட்டி எடுத்தேன். கறுப்பு பிளாஸ்டிக் பட்டை உருகி, இடது மணிக்கட்டில் தோலோடு ஒட்டிப் போயிருந்தது. பட்டை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தோழியிடம் "சின்னக் கத்தரியைக் குடு" என்றேன். அதுவரை இந்தியில் முனகிக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டதும் கண்ணைத் திறந்தார். "தமிழா சிஸ்டர்?" ஆமாம் என்றேன். "மெதுவா எடுக்காதீங்க. ஒரேயடியா எடுத்துடுங்க." எடுத்தேன். பல்லைக் கடித்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு சீரானதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கேப்டன் எங்க?" என்பதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஓசூர் ரோடு பக்கம் தீக்காயப் பிரிவு இருந்த ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு தைலமரத் தோப்பில் விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று விழுந்துவிட்டது என்று மத்தியானம் செய்தி வந்தது. அதில் இருந்த நால்வரையும் எங்களிடம்தான் கொண்டுவந்தார்கள். முதன்மை விமானியான கேப்டன், துணை விமானி, இளவயது டெக்னீஷியன் ஒருவர், பிறகு இவர். இவர் விமானி இல்லை. பறக்கும்போது பின்னால் கதவோரம் உட்கார்ந்து எஞ்சினைக் கவனித்துக்கொள்கிற சார்ஜன்ட். லிங்கராஜபுரத்துக்காரர். தாத்தா காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்து அங்கே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். வயது முப்பத்தைந்து இருக்கும்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் துணை விமானி. காலுடைந்து பக்கத்து வார்டில் படுத்திருந்த அவர், கட்டுப் போடப் போகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்த வேகத்தில் சார்ஜன்ட் கதவு வழியாக வெளியே தூக்கி எறியப்பட்டிருக்கிறார். தோளில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து நடந்து போயிருந்தால் அன்று மாலையே லிங்கராஜபுரத்துக்கு பஸ் ஏறியிருக்கலாம். அவர் திரும்பி உள்ளே போனார். முதலில் டெக்னீஷியனை இழுத்து வந்தார். இரண்டாவது முறை துணை விமானியை. அதற்குள் எரிபொருள் பற்றிக்கொண்டது. "போகாதேன்னு கத்தினேன் சிஸ்டர். அவர் காதில் விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துட்டுத்தான் போனார்" என்றார் துணை விமானி. கேப்டனின் பெல்ட் கொக்கி இறுகிப் போயிருந்தது. பழுக்கக் காய்ந்த அந்த இரும்பை வெறும் கையால் நெம்பித் திறந்திருக்கிறார். அவருடைய உள்ளங்கைத் தோல் அங்கேயே தங்கிவிட்டது.

இரண்டு பேரும் என் பொறுப்பில் இருந்தார்கள். கேப்டன் தாழ்வாரத்தின் கடைசி அறையில், உடம்பில் பாதிக்கு மேல் வெந்து போய். சார்ஜன்ட் நான்காவது அறையில். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் தன் கையைப் பற்றிக் கேட்கமாட்டார். "அவர் என்ன சாப்பிட்டார்? காய்ச்சல் இருக்கா?" இதையே கேட்பார். நானும் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், எட்டு நாட்கள் வரை.

ஒன்பதாவது நாள் விடிந்த சற்று நேரத்தில் கேப்டன் இறந்துபோனார்.

சார்ஜன்டுக்குத் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை இரண்டு நாளில் நடக்கவிருந்தது. அவரோ பாதி நாள் சாப்பிட மறுத்தார். பெரிய டாக்டர் என்னையும் சார்ஜன்டின் மனைவியையும் வெளியே அழைத்து, "கை தேறட்டும். அதுவரைக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். பள்ளிக்கூட ஆசிரியையான அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். நானும் ஆட்டினேன். சரியான யோசனை என்றுதான் அன்று நினைத்தேன்.

பொய் சொல்வது எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது. முதல் நாள் "அப்படியேதான் இருக்கார்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள், இளநீர் குடித்தார் என்றேன். அதற்கடுத்த நாள், இரண்டு இட்லி. சொல்லச் சொல்ல சார்ஜன்டின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், ஒரு நாளைக்கு ஆறு சாப்பிட்டார். விரலை மடக்கிப் பழகும்போது கண்ணீர் வழிய வழிய மடக்கினார். அந்த மகிழ்ச்சியில் நான் எல்லை மீறினேன். "உங்களைத்தான் கேட்டார் சார். அந்த ஆள் எப்படி இருக்கார்ன்னு" என்றேன். அவர் சிரித்தார். தீப்பட்ட உதடு அவ்வளவு விரியாது. ஆனாலும் சிரித்தார்.

அப்படிப் பதினோரு நாட்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் நான் வேறொரு நோயாளியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, யாருக்கும் சொல்லாமல் எழுந்து, சுவரைத் தோளால் அணைத்தபடியே கடைசி அறை வரைக்கும் நடந்து போயிருக்கிறார். அங்கே ஸ்டவ் வெடித்துத் தீக்காயம் பட்ட ஒரு பெண் படுத்திருந்தாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது. வழக்கம்போல டிரேயோடு உள்ளே போனேன்.

"நேத்து கேப்டன் நல்லா தூங்கினாரா சிஸ்டர்?"

"நல்லா தூங்கினார் சார்."

என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சத்தம் போடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. இனிமேல் அந்த சிஸ்டர் எனக்குக் கட்டுப் போட வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னதோடு சரி. என்னை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அவர் வீட்டுக்குப் போன அன்று மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி, கைக்குழந்தையை ஏந்திப் போகிறவரைப் போல ஜீப்பில் ஏறினார்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து அவர் மனைவி மருத்துவமனைக்கு வந்தார். வீரப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து பாராட்டு வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். "நான் வந்தா அவருக்குக் கஷ்டமா இருக்குமேக்கா" என்றேன். "அவர்தான் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

போனேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். சட்டையில் பதக்கத்தை அவர் மனைவிதான் குத்திவிட்டார். அவர் விரல்களால் ஊசியைப் பிடிக்க முடியாது. தமிழிலும் கன்னடத்திலும் பேசினார்கள். மூன்று உயிரைக் காப்பாற்றிய வீரர் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். கடைசியில் அவரைப் பேச அழைத்தபோது எழுந்து, "மூணு இல்லை. ரெண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் குழம்பிப் போனது.

எல்லோரும் காபி குடிக்கப் போனதும் என்னை ஒரு காலி வகுப்பறைக்கு அழைத்தார். மனைவியும் கூட வந்தார்.

"பயப்படாதீங்க, திட்டறதுக்குக் கூப்பிடலை. அந்த ஒன்பது நாளும் எங்க ரெண்டு பேர் ரூமுக்கும் வந்து போனது நீங்கதான். அவர் எப்படி இருந்தார்? இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லுங்க."

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் கண்ணால் சொன்னார்.

சொன்னேன். மூன்றாம் நாள் தார்வாடிலிருந்து கேப்டனின் மனைவி வந்ததை. அவரை அடையாளம் தெரிந்து, மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியெல்லாம் கேப்டன் பேசியதை. ஐந்தாம் நாளிலிருந்து புண்ணில் சீழ் வைத்ததை. காலையில் கட்டைப் பிரிக்கும்போது அவர் அலறியதை.

"அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. வேற யாரோன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு, "என்னைப் பத்தி எதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் என்னை வரவழைத்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. கேப்டன் சொல்லியிருந்தார். ஏழாம் நாள், மனைவியிடம், கன்னடத்தில். "அவன் என்னை அங்கேயே விட்டிருக்கலாம். எதுக்கு இழுத்துட்டு வந்தான்?" என்று.

அதையும் சொன்னேன். சார்ஜன்டின் மனைவி "போதும் சிஸ்டர்" என்றார்.

"எத்தனை தடவை சொன்னார்?"

ஒரு தடவை என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வலியில் புலம்பினது சார், நினைவோடு சொன்னது இல்லை என்று சேர்த்துக்கொள்ளவும் வாய் துடித்தது. "மூணு தடவை. நினைவோடதான் இருந்தார்" என்றேன்.

தலையை ஆட்டினார். "அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அழும்போது முகத்தைத் துடைத்துக்கொள்ள அவருக்கு விரல் மடங்கவில்லை. மனைவி துடைத்துவிட்டார்.

அந்த வருட முடிவில் அவர் தார்வாடுக்குப் போய்வந்தார். கேப்டனின் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். நீங்கள் தந்த அந்த ஒன்பது நாளில் ஒரு நாளாவது எங்களுக்கு நல்ல நாளாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "இனிமேல் வராதீங்க. உங்க கையைப் பார்த்தா அவர் உடம்புதான் ஞாபகத்துக்கு வருது" என்றாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இல்லை. "அவங்க சொன்னது நியாயம்தானே?" என்றார். அதற்குப் பிறகு அவர் தார்வாடுக்குப் போகவில்லை. ஹெலிகாப்டரிலும் ஏறவில்லை. ஓய்வு வாங்கிக்கொண்டு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். எப்போதாவது என்னைப் பார்க்க வருவார். உள்ளே வரமாட்டார். மருத்துவமனை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் கிளாஸை வைத்துக் குடித்துவிட்டுப் போவார்.

அன்று சுவாசித்த புகை அவர் நுரையீரலை உள்ளுக்குள்ளேயே கெடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், மூச்சு விட முடியாமல் அவரை எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். அப்போது நான் அந்தத் தளத்துக்கே பொறுப்பாளர். புதிதாக வந்திருந்த டாக்டர், நோயாளியிடம் எதுவும் சொல்ல வேண்டாம், தைரியம் போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். சாயங்காலம் ஆக்ஸிஜனைச் சரிபார்க்கப் போனேன். முகமூடியை விலக்கும்படி சைகை செய்தார்.

"சிஸ்டர், எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தோல் ஒட்டிய அந்த உள்ளங்கையில் ரேகையே கிடையாது. வழவழவென்றிருக்கும்.

"ரெண்டு நாள் சார். அதிகம் போனா மூணு."

தலையாட்டினார். பிறகு, "சரி. அப்போ அவளைக் கூப்பிடுங்க. பேசணும்" என்றார்.

வெளியே பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவியை அழைத்து உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.