மாவு மில் போட்ட சங்கதி

மகள் மடிக்கணினியில் ஒரு பழைய சிந்தசைசரை வாசித்துக் காட்டினாள். பெட்டியே கிடையாது, எல்லாம் மென்பொருள்தான். “அசலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாதுப்பா.”

அந்த அசல் பெட்டியைத்தான் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில், மதியப் பூசை நேரம், சித்தப்பா வாசிப்பார். சித்தி பாடுவாள். பாதிப் பாட்டில் கோயிலை ஒட்டிய மாவு மில் ஓடத் தொடங்கும். மின்சாரம் இறங்கி, சிந்தசைசரின் சுருதியும் வழுக்கும். சித்தி முகம் மாறாமல் கூடவே வழுக்குவாள். சனம் சொக்கிப்போகும்.

ஒரு வருடம் சித்தப்பா ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினார். சுருதி அசையவில்லை. ஊர்ப் பெரியவர் முகம் சுளித்தார். “என்னடே, அந்த எறக்கத்தக் காணும்? சாமிக்கே கொற வைக்கியளோ?”

மறுவருடம் ஸ்டெபிலைசரை வீட்டில் வைத்துவிட்டு, சித்தப்பா மில்காரரிடம் போய் நின்றார்.

“அண்ணாச்சி, நான் தலைய ஆட்டுனதும் மில்லப் போட்டுருங்க.”

அண்ணாச்சி இரண்டு படி கம்பைத் தயாராக வைத்துக்கொண்டு, மிருதங்கக்காரரைப் போல சித்தப்பாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படிப்பா இருக்கு?” என்றாள் மகள்.

“சத்தம் அதேதான் தாயி. மில்ல யாரு போடுவா?”