பரம்பரைக் கை

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில், கோல்ப் பழக வந்த பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்று பந்து அடித்துக் காட்டினேன். ஏழு பந்துகள். ஏழும் நேராகப் போய்க் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தன. கொழும்பிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்:

"இவன் யாரிடமும், எதையும் கற்றுக்கொண்டவன் இல்லை. இவனுடைய ஆட்கள் ஐந்து தலைமுறையாகத் தேயிலை வெட்டுகிறவர்கள். மட்டை பின்னால் போகிற அழகைப் பாருங்கள். இரத்தத்தில் இருக்கிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவர் நினைத்திருப்பார். பேசத்தான் தடுமாறும். பத்து வருஷமாக ஆங்கிலம் பேசுகிறவர்களின் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்கிறவனுக்கு, விளங்காமலா போகும்?

வட்டகொடைப் பக்கம், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருந்த பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி, அதைச் சுற்றி ஒன்பது குழி வைத்து ஒரு மைதானம் போட்டிருக்கிறார்கள். ஆட வருகிறவர்களின் மட்டைகளைச் சுமப்பது, பந்து விழுந்த இடத்தைக் காட்டுவது, காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது என் வேலை. ஒரு விருந்தாளி வேண்டாமென்று விட்டுப்போன ஏழாம் நம்பர் மட்டை ஒன்று என்னிடம் இருந்தது. திங்கட்கிழமை மைதானத்துக்கு லீவு. அன்றைக்கு மட்டும் கீழ்ப்பக்கத்தில் நாங்கள் அடித்துப் பார்க்கலாம் என்று மேனேஜர் அனுமதித்திருந்தார்.

ஆரம்பத்தில் என் பந்து ஒருநாளும் நேராகப் போனதில்லை. கிளம்பும்போது ஒழுங்காகக் கிளம்பி, நடுவழியில் வலப்பக்கம் வளைந்து தேயிலைக்குள் விழும். கொழுந்து பறிக்கிற பெண்கள் அங்கிருந்து சத்தம் போடுவார்கள்.

"தம்பி! கொழுந்து பறிக்க ஆள் பத்தலன்னு பந்த அனுப்புறீங்களா?"

என்னோடு வேலை செய்கிற ஒருவன் போனில் படம் பிடித்துக் காட்டியபோதுதான் என் தவறு தெரிந்தது. மட்டை பந்தை விட்டு நகர்ந்த உடனே என் வலது கை அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டது. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குவதற்குப் பதிலாக உருண்டது. பின்னால் சிக்கிய மட்டை இறங்கும்போது வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து பந்தைக் குறுக்கே சீவியது. மற்றவர்களிடம் இதே தவறை நூறு தடவை பார்த்திருக்கிறேன். என்னிடம் இருப்பது தெரியவில்லை.

புல் வெட்டும் மெஷின் வைக்கிற தகரக் கொட்டகை ஒன்று அங்கே உண்டு. அதற்கு முதுகைக் காட்டி, ஒன்றரை அடி தள்ளி நின்று, மட்டையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோனேன். டங். கை அதை உள்ளே இழுத்தால் தகரம் காட்டிக்கொடுத்துவிடும். முதல் மாதம் முழுக்க டங், டங் என்றுதான் கேட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துவாய்த் துண்டைப் போட்டு இரண்டு அக்குளிலும் செருகிக்கொண்டேன். கை தோளை விட்டுத் தனியாக ஓடினால் துவாய் விழும். தோள் திரும்பவேண்டும், கை அதோடு கூடவே போகவேண்டும். மட்டை தரைக்குச் சமமாக வரும்போது அதன் தலை கைகளுக்குப் பின்னால் ஒளியாமல் முன்னால் தெரியவேண்டும். அதற்குப் பிறகுதான் மணிக்கட்டு மடங்கவேண்டும். சொல்ல நாலு வரி. பழக எனக்கு இரண்டு வருஷம் போனது. மழையிலும் நின்றேன். இடது பெருவிரல் வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

"என்னங்க இது, தகரத்தோட சண்டையா?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்த இரண்டு வருஷத்தைத்தான் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் என் தாத்தாவுக்குத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அதை நினைத்தால் அவர் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருவது கூடுதல்.

பயிற்சியாளர் அன்றைக்கு எடுத்த வீடியோ மறுவாரம் பேஸ்புக்கில் வந்தது. "தேயிலைத் தொழிலாளியின் இயற்கையான ஸ்விங்" என்று தலைப்பு. நான் ஒருநாளும் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கக் காலையில் பெரட்டுக்குப் போய் நின்றவனில்லை. என் மனைவி முன்பள்ளி டீச்சர். கீழே எழுதியிருந்ததை எல்லாம் வாசித்துச் சொன்னாள். இந்த மக்களுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று ஒருவர். லயத்தில் இருக்கிற எல்லோர் கையிலும் மட்டையைக் கொடுங்கள் என்று இன்னொருவர்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். முப்பது வருஷம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், வலது தோள் இப்போதும் முழுதாக உயராது.

"அந்த மட்டையக் குடு."

திங்கட்கிழமை அவரைக் கூட்டிப்போய்ப் பந்துக்கு முன்னால் நிறுத்தினேன். மூன்று தடவை வீசினார். மூன்று தடவையும் புல்தான் பறந்தது.

"கவ்வாத்துக் கத்தி ஒத்தக் கையில. குனிஞ்சி, கீழேருந்து நம்ம பக்கம் மேல இழுக்கணும். இது வேற வேலைடா. என் ரத்தத்துல இல்லாதது ஒன் ரத்தத்துல எங்கேருந்து வந்துச்சாம்? அந்தாள வரச் சொல்லு, நான் கேக்குறேன்."

மேனேஜரிடம் போனேன். "நல்ல விளம்பரம்தானே, ஏன் கோபப்படுற?" என்று சிங்களத்தில் கேட்டார். மனைவியை வைத்துப் பயிற்சியாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி எழுதினேன்: நான் தேயிலைத் தொழிலாளி இல்லை, இதைப் பழகித்தான் கற்றேன், தயவுசெய்து திருத்துங்கள். பெருவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு படம் பதிலாக வந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். இங்கே வேலைக்கு வந்து, புதிதாக கோல்ப் பழகுகிறவர். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் நின்று என்னிடம் கேட்டார்.

"நீங்கள் உண்மையிலை எப்பிடிப் பழகினனீங்கள்?"

சொன்னேன். தகரம், துவாய், விரல், எல்லாம். அவர் முகம் சுருங்கியது.

"அண்டைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேணும். அது பிழை எண்டு தெரிஞ்சும் பேசாமல் நிண்டுட்டன்."

"நானும்தான் பேசலைங்க டாக்டர்," என்றேன். மனசு ஆறவில்லை.

அவருக்கும் என் பழைய தவறுதான். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கொட்டகைக்கு முன்னால் நின்றார். அவருடைய டங் சத்தத்தை நான் எண்ணிச் சொல்ல, அவர் தன்னையே திட்டிக்கொள்வார்.

இந்த வருஷம் ஏப்ரலில் பயிற்சியாளர் மறுபடி வந்தார். "மல்லி, இங்க வா" என்று, சிங்களத்தில் தம்பி என்கிற மாதிரி, கூப்பிட்டார். அடிப்பதற்கு முன்னால் நானே கூட்டத்தைப் பார்த்து, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: இது பிறவியில் வந்ததில்லை. இரண்டு வருஷம் பழகினேன். என் அப்பா கவ்வாத்து வெட்டியவர், அவருக்கு இது வராது. எப்படிப் பழகினேன் என்று காட்டுகிறேன், வாருங்கள்.

பயிற்சியாளர் சிரித்து, "சரி சரி, இயற்கையும் கொஞ்சம் வேணுமே" என்றார். அப்போது டாக்டர் முன்னால் வந்தார்.

"எனக்கு இவர்தான் சொல்லித் தந்தவர். என்ரை பரம்பரையிலை ஆரும் தேயிலை வெட்டேல்லை," என்று ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொல்லிவிட்டு ஒரு பந்தை அடித்தார். கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தாலும் நல்ல உயரத்தில் போனது. இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் கொட்டகைக்கு முன்னால் நின்று செய்துகாட்ட, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். பயிற்சியாளர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு லேசாக இருந்தது. அந்த ஆளும் ஏதோ புரிந்துகொண்டார் என்றே நம்பினேன்.

பத்து நாளில் புது வீடியோ வந்தது. எங்கள் கொட்டகை, எங்கள் தகரம். தோளுக்கு மேலே வெட்டிவிட்டார். என் முகம் இல்லை. கைகள் மட்டும் மெதுவாகப் பின்னால் போகின்றன. தலைப்பு: "மட்டை பின்னால் போகையில் கைகள்: நான் கண்டுபிடித்த வழி."

முதலில் நான் ஒன்றுமே கற்கவில்லை என்றார். கற்றேன் என்று நிரூபித்த பிறகு, கற்றதைத் தனதாக்கிக்கொண்டார்.

அதற்குக் கீழே தமிழில் எழுதினேன்: "இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரன் நான். வட்டகொடைப் பக்கம் இருக்கிறேன். பழக விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை வாருங்கள்." டாக்டர் அதை ஆங்கிலத்தில் எழுதி அதற்குக் கீழே போட்டார். மேனேஜர் கூப்பிட்டு, யாரைக் கேட்டு எழுதினாய், உடனே அழி என்றார்.

"சேர், அதுல பொய் ஏதும் இருந்தா சொல்லுங்க, அழிக்கிறேன்," என்றேன்.

அவர், மூன்றாம் குழியில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள், போ என்றார். எழுதியதை அழிக்காமலே போனேன்.