தெய்வம்மாவுக்கு எட்டாத கொழுந்து

கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தெய்வம்மாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. கைவேகமும் அப்படித்தான். அவள் செடி நிரையில் இறங்கிவிட்டால், பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் சரிதா ஓட்டமும் நடையுமாகத்தான் பின்னால் வரவேண்டும். சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து அப்பா அம்மாவோடு வந்தவள், விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே வேலை. சுமை தூக்கிய எலும்பு இரும்பு, உட்கார்ந்து தின்கிறவர்களுக்குத்தான் வலியெல்லாம் வரும் என்பது அவள் கட்சி. முதுகு வலித்தால், நனையாமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்கை இன்னும் இறுக்கிக் கட்டுவாள். அத்தோடு வைத்தியம் முடிந்தது.

போன மழைக்குப் பிறகு அவளுக்குப் புதிதாக ஒரு குறை. செடி வளர்ந்துவிட்டதாம், செடி நடுவில் இருக்கும் கொழுந்து கைக்கு எட்டவில்லையாம். தேயிலையைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டித் தணிப்பார்கள். அடுத்த கவாத்து வரை அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அவள் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை. சரிவில் மேல்பக்கம் நின்றால் செடி தாழ்ந்து தெரியும் என்று, சரிதாவிடம் சண்டை போட்டு மேல்பக்க நிரையையே வாங்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் தனசிங் கண்ணில் பட்டால் போதும், கவாத்துக்கு ஆள் போடாமல் ஆபீசில் தூங்குகிறீர்களா என்று பிடித்துக்கொள்வாள்.

தனசிங் சாது. ஆனாலும் தினமும் ஏச்சு வாங்க யாருக்குப் பிடிக்கும்? ஒருநாள் காலையில் மட்டம் பார்க்கும் கம்போடு வந்துவிட்டார். கம்பைச் செடியோடு நிறுத்தி உயரத்தைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிதாவின் பக்கத்தில் நிறுத்தினார். இடுப்பு. அடுத்தவளுக்கும் ஏறக்குறைய அதேதான். தெய்வம்மாவின் பக்கத்தில் நிறுத்தியபோது விரல் அவள் விலா எலும்பில் நின்றது.

"நீயும் நானும் ஒரே ஒசரந்தானே அக்கா, ஒன் மழைக் கோட்டத்தானே நானும் போடுவேன்" என்ற சரிதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். தெய்வம்மாவைக் கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் அடுக்கிய எலும்புக் கட்டைகளில் இரண்டு நசுங்கியிருந்தன; அவள் உயரம் குறைந்தது அதனால்தான். உழைப்பு எலும்பை உரமாக்கும் என்பது மெய்தான், ஆனால் அந்த எலும்புக்குத் தீனி வேண்டாமா என்று கேட்டார். காலமெல்லாம் பால் விடாத தேத்தண்ணி, பனிக்குப் பயந்து வெயில் படாமல் மூடிய உடம்பு, மாதவிலக்கு நின்றபின் கரைந்துபோன எலும்பு, அதன் மேல் நாள் தவறாமல் தலைச்சுமை. இத்தனையையும் படங்கால் இறுக்கிக் கட்டி மறைத்திருக்கிறாள். இனிச் சுமை தூக்கினால் அடுத்த கட்டையும் நசுங்கும் என்றார்.

சுமையை விட்டால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு போகும். கணவன் ராசு மூச்சிரைப்பால் எப்போதோ எஸ்டேட்டில் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டவர்; வீடு இவள் வேலையில்தான் நின்றது. அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ராசு அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"கொடிக் கயித்த ரெண்டு தடவ எறக்கிக் கட்டுனேன் புள்ள. நீ துணி போட எக்கி எக்கி நின்னதப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"சொன்னா நீ வேலைய விட்டுருவே, வீடு போயிரும்னு பயந்துட்டேன்."

ஊரையே வாங்கு வாங்கென்று வாங்குகிறவளுக்கு, எக்ஸ்ரேயைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. செடி வளர்ந்ததென்று அவள் ஊரெல்லாம் சண்டை போட்டுத் திரிந்தபோது, இந்த மனுஷன் உண்மை தெரிந்து சும்மா இருந்திருக்கிறார்.

காலையில் அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். நீங்களே பேசுங்கள் என்று சொல்லிவிட்டாள். ராசு ஆபீஸ் வாசலில் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு மானேஜர் முன்னால் நின்றார்.

"தொரை, இவ இந்த மலையிலதாங்க கொறஞ்சா. எனக்குத் தெரியும். வீட்டுக்காக வாய மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே ஒரு சொம தூக்க விடமாட்டேன். வீடு போனாப் போகட்டுங்க."

மானேஜர் டாக்டர் சீட்டை இரண்டு தரம் படித்தார். பிள்ளைக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது, பிள்ளைகளைத் தூக்க வேறு ஆள் உண்டு, வீடும் அவள் பேரிலேயே இருக்கட்டும் என்றார்.

திரும்பும் வழியில், லைனுக்கு இறங்கும் படிக்கட்டு வந்ததும் ராசு தயங்கித் தயங்கி, இன்னும் கோபமா என்று கேட்டார்.

"கோவந்தான், அது போகாது. தோளக் குடுங்க, எறங்கணும்."