ஈனக் டாப்லி அச்சேறிய ஞாயிற்றுக்கிழமை

கூராபில்லா பண்ணையில் ஆட்டுமயிர் கத்தரிக்கும் இருபத்தொரு பேருக்கும் ஈனக் டாப்லிதான் சமையல்காரர். நாற்பத்தேழு வயது. தாலி கட்டாத தனிக்கட்டை. துணிக்கடைக் குமாஸ்தாவாக இருந்தவர், ரசீதின் பின்புறம் கவிதை எழுதியதற்காகத் துரத்தப்பட்டு, ஆட்டிறைச்சிக்கும் அடுப்புக்கும் வந்து சேர்ந்தவர்.

பதினோரு வருடமாக, ‘சாம்பல் வாளி’ என்ற புனைபெயரில், யாருக்கும் தெரியாமல், சிட்னி வாரப் பத்திரிகைக்குப் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட அச்சாகவில்லை. தள்ளிய பாட்டைச் சும்மா தள்ளும் வழக்கம் அந்தப் பத்திரிகைக்குக் கிடையாது. ஊர் சிரிக்கப் பதில் போட்டுத்தான் தள்ளும்.

“சாம்பல் வாளிக்கு: உமது காதலி ஏழாம் வரியில் சாகிறாள். நாங்கள் இரண்டாம் வரியிலேயே செத்துவிட்டோம்.”

ஞாயிறு மதியம் ஆல்ஃப் பெட்டிஃபர் இதை உரக்க வாசிப்பான். அவன் தொழிலாளர்களின் பிரதிநிதி, குரலும் பெரிது. கொட்டகையே உருண்டு சிரிக்கும். டாப்லியும் சிரிப்பார். பிறகு வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். வெங்காயத்துக்குத்தான் எத்தனை பழி!

அந்த ஞாயிறு ஆல்ஃப் வேறு பக்கத்தைத் திருப்பினான்.

“அடேய், சாம்பல் வாளி பாட்டு அச்சாயிடுச்சுடா!”

டாப்லியின் கையிலிருந்த கரண்டி நழுவியது. ஆல்ஃப் வாசித்தான்:

‘மூணு தட்டுப் புட்டிங்கை முழுங்கி ஏப்பம் விடுவானாம்,
நாலாம் தட்டு வரும்போது நஞ்சு என்று திட்டுவானாம்;
செம்பட்டைத் தாடிக்குள்ளே திராட்சை ஒன்று தொங்கையிலே
செத்த ஈ கிடந்ததென்று சீறி மேசை குத்துவானாம்!’

இருபது தலைகள் கான் மல்கினியின் செம்பட்டைத் தாடிப் பக்கம் திரும்பின. ஐந்து வாரத்துக்கு முன் புட்டிங்கில் கிடந்த உலர்திராட்சையை ஈ என்று ரகளை செய்தவன் அவன்தான். பிறகு இருபத்தொரு தலைகளும் அடுப்புப் பக்கம் திரும்பின.

சமையல்காரரை ஓட்டுப் போட்டு வைப்பதும் ஓட்டுப் போட்டு விரட்டுவதும் கத்தரிப்பவர்களின் உரிமை. சாப்பிடுகிறவனைப் பத்திரிகையில் ஏற்றிய சமையல்காரன் எந்தக் கொட்டகையிலும் நின்றதில்லை.

“யோவ் டாப்லி,” என்றான் ஆல்ஃப், மெதுவாக. “போன ஆளு சுட்ட ரொட்டியை நெனச்சா எனக்கு இன்னும் பல்லு வலிக்குது. நான் எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிடறோம்.”

ஒரே ஒரு பொய்! வேலை மிஞ்சும், படுக்கை மிஞ்சும். ஆனால் பதினோரு வருடம் பெறாமல் பெற்ற பிள்ளையை, நாலு பேர் முன்னால் என் பிள்ளை இல்லை என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

“நான்தான்யா எழுதினேன்!” டாப்லி கத்திவிட்டார். கண்ணீர் கன்னத்து மாவில் கோடு போட்டது. “இத்தனை வருஷமா நீங்க சிரிச்சதும் என்னைப் பார்த்துத்தான்!”

விரட்டச் சொல்லிப் பன்னிரண்டு கைகள் எழுந்தன. எட்டுக் கைகள் எழவில்லை. எழாத ஒன்பதாவது கை, அதிசயம், மல்கினியுடையது.

“ஏண்டா கான், உன்னைத்தானேடா கிழிச்சிருக்கான்?” என்றான் கை தூக்கிய ஒருவன்.

“பொறாமைல சாகாதீங்கடா. நாடு பூரா என் தாடியைப் படிக்குது. உங்க மூஞ்சியை எவன் எழுதினான்?”

பன்னிரண்டு பெரிது, ஒன்பது சிறிது. டாப்லி மூட்டையைக் கட்டினார். வாசலில் மல்கினியிடம் கை நீட்டினார்.

“அந்தப் பக்கத்தை மட்டும் குடுத்துடு, ராசா.”

மல்கினி அதை ஏற்கெனவே கிழித்துச் சட்டைக்குள் வைத்திருந்தான். “தர முடியாதுண்ணே. இது என்னைப் பத்தின பாட்டு. உனக்குத்தான் மனப்பாடமாச்சே!”

அடுத்த பிரதி இருபத்தாறு மைல் தள்ளி, நகரத்துக் கடையில். அது விற்றுப் போவதற்குள் போய்ச் சேர வேண்டும். வேலையிழந்த கவிஞர் வெயிலில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்.